ஐந்தரை மணித்தியாலம்

அழுகை வரவில்லை என்பதற்காகத் துப்பறிய வரச்சொல்லி ஒருவர் குணலட்சுமியைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

உரும்பிராயில், வெங்காயத் தோட்டத்தை ஒட்டிய கல்வீடு. ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி. முற்றத்தில் நாலைந்து கதிரைகள். ஒப்பாரி இல்லை, பறை இல்லை. உடல் இல்லாத சாவீட்டில் வந்தவர்களுக்கு எதைப் பார்த்து அழுவதென்று தெரியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

கமலாவதி அறைக்குள்ளே பாயில் இருந்தாள். முப்பத்திரண்டு வயது, கணவன் கதிரவேலு லண்டனுக்குப் போய் ஆறு வருடம். குணலட்சுமி வந்து பக்கத்தில் இருந்ததும், சந்தைக்குப் போகிறவளிடம் சாமான் சொல்லி அனுப்புகிற குரலில் சொன்னாள்.

"அக்கா, எனக்கு அழுகை வருகுதில்லை. அவர் உண்மையாய்ச் செத்திட்டாரோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. மூண்டு மணிக்குச் சாம்பல் கரைக்கக் கீரிமலைக் கடலுக்குப் போகினம். அங்கைதான் தாலி கழட்டிறது."

குணலட்சுமிக்கு அந்தக் குரல் பழக்கமானது. அஞ்சலக அதிபராக இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் அவள். அவளுடைய கணவன் அனுராதபுரத்தில் ரயிலில் அடிபட்டு இறந்த செய்தி தந்தியாக வந்தபோது, அதைக் கேட்டு எழுதி எடுத்தது அவள் கைதான். எழுதி, முத்திரை குத்தி, மடித்து வைத்துவிட்டு, வரிசையில் நின்ற கிழவருக்கு ஐந்து சத முத்திரை நாலு கொடுத்தாள். மிச்சக் காசும் பிழையில்லாமல் கொடுத்தாள். அழுகை எப்போது வந்தது என்று இன்றைக்கும் அவளுக்கு ஞாபகமில்லை. வந்ததோ என்றும் தெரியாது.

ஓய்வு பெற்ற பிறகு ஊரார் காணாமற்போன நகைக்கும் மொட்டைக் கடிதத்துக்கும் அவளைத் தேடி வந்தார்கள். இருபத்தாறு வருடம் மற்றவர்களின் கடித உறைகளைப் பார்த்தவளுக்கு உள்ளே என்ன இருக்கும் என்று ஊகிக்கத் தெரிந்திருந்தது.

"சாவுச் செய்தி எப்பிடி வந்தது?"

"அவரோடை லண்டனிலை ஒரே வீட்டிலை இருந்தவராம், கரவெட்டி நமசிவாயம் எண்டு. வெள்ளிக்கிழமை காலமை வந்து சொன்னவர். சாம்பலும் கொண்டுவந்தவர்." கமலாவதி சற்று யோசித்தாள். "ஒரு விசயம் அக்கா. படலையடியிலை நிண்டு, செத்தவீட்டுக் கால், தண்ணி தாங்கோ எண்டு கேட்டு வாங்கிக் கழுவிப்போட்டுத்தான் உள்ளை வந்தவர். அவ்வளவு ஆசாரம். ஆனால் சாம்பல் அடைச்ச தகரப் பேணியை நேரே கொண்டுவந்து மேசையிலை வைச்சிட்டார். அயலட்டைச் சனம் இடியப்பம் குடுத்துவிட்டது. பேணியைக் கையாலை அரக்கிப்போட்டுச் சாப்பிட்டவர். பிறகு மனிசன்ரை தமையன், பெரியத்தான், கண்டுதான் வெளியிலை பூவரசிலை கட்டினவர்."

குணலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். சுடலைச் சாம்பலை வீட்டு வாசலுக்குள் எடுக்காத ஊர் இது. காலைக் கழுவ மறக்காதவன் அதை மறப்பானா?

வாசலில் ஒஸ்ரின் காரில் சாய்ந்து நின்ற சந்தியோகு, குணலட்சுமி வெளியே வந்து இதைச் சொன்னதும், சுருட்டை வாயிலிருந்து எடுத்தான். குருநகர்க்காரன், வாடகைக் கார் ஓட்டுகிறவன். குணலட்சுமியின் ஒவ்வொரு வழக்குக்கும் காரோடு நாக்கையும் சேர்த்துக் கொண்டுவருகிறவன்.

"அக்கா, நான் வேதக்காரன், உந்தச் சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் பிரேதத்துக்குப் பக்கத்திலை வைச்சு இடியப்பம் தின்னுறதெண்டால், ஒண்டில் அவருக்கு நல்ல பசி. இல்லாட்டி அது பிரேதமில்லை."

"மெல்லக் கதை. முதல் ஆளைப் பாப்பம்."

நமசிவாயம் முற்றத்துக் கதிரையில் இருந்தான். நாற்பதுக்கு உட்பட்ட ஒல்லி மனிதன். மடித்துப் போட்ட சால்வை போலத் தோள்கள். கேட்பதற்கு முன்னமே சொல்லத் தொடங்கிவிட்டான். பாடமாக்கிய பிள்ளை அப்படித்தான் செய்யும்.

"புதன் இரவு எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலை சீவன் போச்சுது அம்மா. பஸ் அடிச்சது. வியாழன் காலமை மின்சாரத்திலை எரிச்சுப்போட்டு, அண்டைக்கு மத்தியானம் ஒரு மணிக்குப் பிளேன் ஏறினன். கொழும்பு கட்டுநாயக்காவிலை இறங்கி, நேரே இரத்மலானைக்குப் போய், வெள்ளி காலமை ஏழு மணி உள்ளூர்ப் பிளேனிலை பலாலிக்கு வந்தன். ஒன்பது மணிக்கு இஞ்சை நிண்டன்."

"ஏகாதசியிலை போயிருக்கிறான்!" என்றார் பக்கத்தில் இருந்த நாகலிங்கம். இறந்ததாகச் சொல்லப்படும் கதிரவேலுவின் தமையன் அவர். கூட்டுறவுச் சங்கத் தலைவர். குரலிலே எப்போதும் கூட்டம் நடக்கும். "வளர்பிறை ஏகாதசி. சாவுக்குக் கூடாத பஞ்சமியுமில்லை, வீட்டுக்குப் பழுதுமில்லை. புண்ணியம் செய்தவனுக்குத்தான் அப்பிடி நாள் கிடைக்கும்."

நமசிவாயம் குனிந்து தன் கால் பெருவிரலைப் பார்த்தான். குணலட்சுமி அவன் பார்த்ததைப் பார்த்தாள்.

"சந்தியோகு, காரை எடு. பலாலிக்கு."

பலாலி வீதியில் கார் வடக்கே போனது. இரண்டு பக்கமும் செம்மண். புகையிலைக் கன்றுகளுக்குப் பம்பில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. கார் மூன்று இடத்தில் இருமி, ஒரு இடத்தில் நின்றது. சந்தியோகு இறங்கி மூடியைத் திறந்து ஏதோ செய்தான்.

"லண்டனிலையிருந்து ஒரு இரவிலை மனிசன் வந்திட்டான். நாங்கள் உரும்பிராயிலையிருந்து பலாலிக்கு வர எத்தினை நாள் எடுக்குமோ தெரியாது" என்றான்.

குணலட்சுமி சிரிக்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தாள். பத்து மணி. ஒரு பெண்ணின் கழுத்துக்கும் மூன்று மணிக்கும் இடையில் இன்னும் ஐந்து மணித்தியாலம் இருந்தது. பயமோ பரபரப்போ வரவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. வரவில்லை. நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டாள்.

விமான நிலையத்தில் பயணிகள் பட்டியல் எழுதுகிற மார்க்கண்டு ஒரு காலத்தில் அவளுடைய அஞ்சலகத்தில் சைக்கிளில் தந்தி கொண்டுபோனவன். இன்னமும் அவளைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவான்.

"வெள்ளிக்கிழமைக் காலமைப் பட்டியலோ அம்மா? உங்களுக்கில்லாததோ!" கொப்பியைப் புரட்டினான். "இந்தா. க. நமசிவாயம். ஏழு மணிக்கு இரத்மலானை. எட்டுப் பத்துக்கு இஞ்சை இறங்கியிருக்கு."

சந்தியோகுவின் முகம் விழுந்தது. "அந்தாள் சொன்னது முழுக்கச் சரி. போச்சு."

"பொறு. மார்க்கண்டு, லண்டனிலையிருந்து கொழும்புக்கு எவ்வளவு தூரம்?"

"ஐயாயிரத்து நானூறு மைல் எண்டு கணக்கு அம்மா. ஜெட் பிளேன்தான். ஆனால் ஒரே மூச்சிலை வராது. நடுவிலை ரெண்டு இடத்திலை இறங்கி எண்ணெய் அடிக்கவேணும். எந்தக் கொம்பனியிலை ஏறினாலும் பதினைஞ்சு மணித்தியாலத்துக்குக் குறைய ஒருத்தரும் வந்து நான் கேள்விப்படேல்லை."

சந்தியோகு விரல் மடித்தான். வியாழன் ஒரு மணியிலிருந்து பதினைந்து மணித்தியாலம். விரல் போதாமல் மார்க்கண்டுவின் விரலையும் இரவல் வாங்கினான். "வெள்ளி விடியப்புறம் நாலு மணிக்குக் கட்டுநாயக்கா. சாமான் எடுத்து, கார் பிடிச்சு, ஏழு மணிக்கு இரத்மலானை. ஓடுறவன் நானெண்டால் அஞ்சரைக்கே கொண்டுபோய் இறக்கியிருப்பன். அக்கா, அந்தாளிலை பிழையில்லை. பாவம், பசியிலைதான் பேணியை மறந்துபோனார்."

குணலட்சுமி கணக்கை மனதுக்குள் திரும்பப் போட்டாள். கூட்டிப் பார்த்தாலும் குறைத்துப் பார்த்தாலும் கணக்குச் சரியாகத்தான் வந்தது. அப்படியானால் அந்தப் பெண்ணிடம் போய், ஓம் பிள்ளை, உண்மைதான், இனி நீ அழலாம் என்று சொல்லவேண்டும். அதைச் சொல்வதற்கு எவ்வளவு நேரமாகும் என்று யோசித்தாள்.

"அவ்வளவு சந்தேகமெண்டால் லண்டனுக்கு ஒரு கோல் எடுத்துக் கேக்கலாமே அம்மா?" என்றான் மார்க்கண்டு.

"உனக்கென்ன விசரோ?" என்றான் சந்தியோகு. "இப்ப இஞ்சை பதினொரு மணி. அங்கை இன்னும் விடியேல்லை. வெள்ளைக்காரன் போர்வைக்குள்ளையிருந்து எழும்பி வந்து அப்பன் ஆத்தை எல்லாரையும் இழுத்துப் பேசுவான். நான் ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு லண்டன் ரேடியோ கேக்கிறனான். எனக்கு நித்திரை தூங்கேக்கை அவங்களுக்குப் பின்னேரத் தேத்தண்ணி..."

அவன் நிறுத்தினான். குணலட்சுமி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திருப்பிச் சொல்லு."

"எதை? தேத்தண்ணியோ?"

"எத்தினை மணித்தியாலம் பிந்தி அவங்களுக்கு விடியுது?"

"ஐஞ்சரை" என்றான் மார்க்கண்டு. சொன்ன பிறகுதான் அவனுக்கும் விளங்கியது. கொப்பியை மூடி வைத்தான்.

"லண்டனிலை வெள்ளி விடியப்புறம் நாலு மணி எண்டால், இஞ்சை என்ன மணி?" என்று கேட்டாள் குணலட்சுமி. தானே சொன்னாள். "ஒன்பதரை. வெள்ளி காலமை ஒன்பதரைக்குத்தான் அவர் சொன்ன பிளேன் கட்டுநாயக்காவிலை இறங்கேலும். ஆனால் ஏழு மணிக்கே அவர் இரத்மலானையிலை ஏறிட்டார். அதுக்குக் கொப்பி சாட்சி."

சந்தியோகு தலையிலடித்துக்கொண்டான். "மாதாவே! லண்டன் பிளேன் கட்டுநாயக்காவிலை சில்லுக் குத்தேக்கை, இவர் உரும்பிராயிலை இடியப்பத்துக்குச் சொதி விட்டுக்கொண்டிருந்திருக்கிறார்!"

"அதுக்கு முந்தின லண்டன் பிளேன் எப்ப வந்தது, மார்க்கண்டு?"

"புதன் மத்தியானம் ஒண்டு வந்தது அம்மா. செவ்வாய் பின்னேரம் அங்கை வெளிக்கிட்டது."

செவ்வாய்க்கிழமை லண்டனை விட்டவன், புதன்கிழமை இரவு லண்டன் ஆஸ்பத்திரியில் சிநேகிதனின் உயிர் போனதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான்.

திரும்பி வரும்போது கார் இரண்டு தரம் நின்று, இரண்டு மணித்தியாலத்தைத் தின்றது. இரண்டாம் தரம், வசாவிளானில், பெட்ரோல் குழாயில் ஊத்தை. சந்தியோகு வாயால் உறிஞ்சித் துப்பினான். முகம் கறுத்திருந்தது. இந்த முறை பகிடி விடவில்லை.

"அக்கா, ஆள் உயிரோடை இருக்கெண்டால் அது நல்ல செய்திதானே? பேந்தேன் எனக்குச் சந்தோசம் வருகுதில்லை?"

குணலட்சுமி காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

அவர்கள் படலையைத் திறந்தபோது இரண்டே கால். முற்றத்தில் வான் ஒன்று ஆயத்தமாக நின்றது. குருக்கள் வந்துவிட்டார். வெளி விறாந்தைக் கதிரையில் வெள்ளைச் சீலை ஒன்று மடிப்புக் குலையாமல் இருந்தது. குணலட்சுமி நமசிவாயத்தைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். நாகலிங்கத்தையும் கூப்பிட்டாள். கமலாவதி கூப்பிடாமலே வந்தாள்.

"தம்பி, வெள்ளிக்கிழமை காலமை ஒன்பதரைக்கு நீங்கள் எங்கை?"

"இஞ்சைதான் அம்மா. சாப்பிட்டுக்கொண்டிருந்தனான். இவைக்குத் தெரியும்."

"நீங்கள் ஏறினதாய்ச் சொன்ன பிளேன் அந்த நேரம் கொழும்புக்கு வந்து சேரேல்லை. லண்டன் மணிக்கும் எங்கடை மணிக்கும் ஐஞ்சரை மணித்தியாலம் இடையிலை கிடக்கு. அதை எங்கை தம்பி விட்டிட்டு வந்தனீங்கள்?"

அவன் சட்டைப்பையைத் தடவினான்.

"புதன் மத்தியானமே நீங்கள் கொழும்பிலை. அப்ப புதன் இரவு ஆர் செத்தது?"

"என்ன விசர்க்கதை இது!" என்று நாகலிங்கம் குரலை உயர்த்தினார். "துக்க வீட்டிலை வந்து..."

"அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. ஏகாதசி எண்டு நீங்கள் சொல்லேக்கை இந்தத் தம்பி உங்களைப் பாக்கேல்லை. காலைப் பாத்தவர். தம்பி, அந்த ஏகாதசியை ஆர் தெரிஞ்செடுத்தது?"

நமசிவாயத்தின் கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. பஞ்சாங்கத்திலிருந்து கிழித்த ஒரு தாளை எடுத்து நீட்டினான். மாசி மாதம். புதன்கிழமையைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். பக்கத்தில் சிறிய எழுத்தில்: *திங்கள் நவமி. செவ்வாய் வேண்டாம். புதன் நல்லது, வீட்டுக்குப் பழுதில்லை.*

கமலாவதி எட்டிப் பார்த்தாள். "அவற்றை எழுத்து" என்றாள்.

"பிளேனிலை ஏறேக்கைதான் கொண்டுவந்து தந்தான் தங்கச்சி. நான் புதன் மத்தியானமே கொழும்பிலை இறங்கிடுவன் எண்டு அவன் யோசிக்கேல்லை. எனக்குப் பத்து நாள் லீவு. எத்தினை நாளைக்குக் கொழும்பிலை ஒளிச்சிருக்கிறது? உரும்பிராயிலை ஆர் மணித்தியாலம் எண்ணப்போகினம் எண்டு நினைச்சன்."

"சாம்பல்?" என்றான் சந்தியோகு.

"வெள்ளவத்தையிலை தங்கின வீட்டு அடுப்பு."

"நல்ல காலம். கீரிமலையிலை சிரட்டைக்கரிக்கு மோட்சம் குடுக்க இருந்தியள்" என்றான் சந்தியோகு. ஒருவரும் சிரிக்கவில்லை. அவனும்தான்.

"ஏன்?" என்று கேட்டாள் கமலாவதி. அந்த ஒரு சொல்லைத்தான் கேட்டாள்.

நமசிவாயம் கிணற்றுக்கட்டைப் பார்த்துச் சொன்னான். "அங்கை ஒரு நேர்ஸ். மூண்டு வயதிலை பொடிச்சி ஒண்டும் இருக்கு. எழுத வெக்கப்பட்டான். விட்டிட்டுப் போனான் எண்டால் சனம் உங்களைத்தான் பழிக்குமாம். செத்திட்டான் எண்டால் உங்களுக்கு ஒரு மரியாதை இருக்குமாம். உங்களுக்கு நல்லதெண்டுதான்... எனக்கும் அப்ப அது சரியாய்த்தான் பட்டது."

நாகலிங்கம் துவைக்கிற கல்லில் இருந்துவிட்டார். தம்பி இறந்ததாகக் கேட்ட மூன்று நாளும் நிமிர்ந்து நின்றவர், தம்பி உயிரோடு இருக்கிறான் என்று கேட்டதும் முகத்தைச் சால்வையால் மூடி அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"கமலா, வானும் வந்திட்டுது. குருக்களும் வந்திட்டார். உவன் சொல்லுறதும் ஒரு நியாயந்தான். இந்த அஞ்சு பேரோடை இது போகட்டும். ஊருக்குத் தெரிஞ்சால் தலை நிமிர ஏலாது. நடக்கவேண்டியதை நடத்துவம் பிள்ளை."

குணலட்சுமி ஒரு எட்டுப் பின்னால் விலகி நின்றாள். கண்டுபிடித்துக் கொடுக்கத்தான் அவளை வரச் சொன்னார்கள். இந்தக் கழுத்து இன்னொருத்தியுடையது.

கமலாவதி பூவரசடிக்குப் போனாள். கட்டை அவிழ்த்துப் பேணியை எடுத்தாள். வாழையடியில் சாம்பலைக் கொட்டினாள். கிணற்றடிக்கு வந்து வாளியில் தண்ணீர் எடுத்து, தேங்காய்த் தும்பு போட்டு, பேணியை உள்ளும் புறமும் தேய்த்தாள். அவசரமில்லாமல், சாப்பாட்டுக் கோப்பை கழுவுவதைப் போல. சீலைத் தலைப்பால் துடைத்தாள்.

பிறகு இரண்டு கையையும் பிடரிக்குக் கொண்டுபோய்த் தாலிக்கொடியைக் கழற்றினாள்.

"ஐயோ, பிள்ளை!" என்று எழும்பினார் நாகலிங்கம். "கீரிமலையிலை அல்லோ, பொம்பிளையள் சுத்தி நிண்டு..."

"அது புருசன் செத்தவைக்கு, பெரியத்தான்."

கொடியிலிருந்து தாலியை மட்டும் பிரித்தாள். கொளுவி இறுகியிருந்தது, பல்லால் கடித்து நிமிர்த்தினாள். "கொடி என்ரை சீதனக் காசிலை உருக்கினது. அது எனக்கு. தாலி மட்டுந்தான் உங்கடை வீட்டுச் சாமான்." பேணிக்குள் போட்டாள். சின்னச் சத்தம் கேட்டது. மூடியை அழுத்தி, நமசிவாயத்தின் கையில் வைத்தாள்.

"நீங்கள் கொண்டுவந்த பேணி அண்ணை. நீங்களே கொண்டுபோய்க் குடுங்கோ."

அவன் அதை வாங்கிக்கொண்டான். வெள்ளிக்கிழமை மேசையில் ஒரு கையால் அரக்கிய பேணியை இப்போது இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றான்.

"நாள் பாத்துத் தாலி கட்டினவர். நாள் பாத்துச் செத்தவர். இதை எந்த நாளிலை குடுத்தாலும் சரியெண்டு சொல்லுங்கோ. நவமி எண்டாலும் பரவாயில்லை."

அவளுடைய நெற்றியில் காலையில் வைத்த குங்குமம் வியர்வையில் கொஞ்சம் கலைந்திருந்தது. வாளித் தண்ணீரைக் குனிந்து பார்த்து, விரலால் அதை வட்டமாகத் திருத்தினாள். விறாந்தையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பி நின்று பார்த்தார்கள். குருக்கள் பஞ்சாங்கத்தை மூடினார். வெள்ளைச் சீலையை யார் எடுப்பதென்று யாருக்கும் தெரியவில்லை.

குணலட்சுமியைப் படலைவரை கொண்டுவந்து விட்டாள் கமலாவதி. கண் அப்போதும் காய்ந்துதான் இருந்தது.

"அக்கா, அது அங்கை போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"பிளேன் ஏறினால் பதினைஞ்சு மணித்தியாலம்" என்றாள் குணலட்சுமி. "ஆனால் அங்கை ஐஞ்சரை மணித்தியாலம் பிந்தித்தான் விடியும்."

"பிந்தட்டும்" என்றாள் கமலாவதி. "இஞ்சை ஆறு வரியம் பிந்திப்போச்சு."

படலையைச் சாத்தினாள்.

சந்தியோகு காரை முடுக்கினான். அது முதல் தரத்திலேயே பற்றிக்கொண்டது. அதைப் பற்றி ஏதாவது சொல்லவேண்டும் என்று அவனுக்கு இருந்தது. கோப்பாய்ச் சந்திவரை யோசித்தான். ஒன்றும் வரவில்லை.